ஆறிப்போன தேநீர்

இந்தோனேசியாவிலிருந்து படிக்க வந்த வெனிங் கான்பெராவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியது இந்த ஒரு கூட்டத்துக்காகத்தான். பல்கலைக்கழகத்தின் இந்தோனேசிய ஆய்வுத் திட்டத்தில் தன் ஆய்வை வாசித்து முடித்திருந்தாள். ஏழைகளுக்கென்று அரசு தரும் மலிவு அரிசியில் பெரும்பங்கு வசதியானவர்கள் வீட்டு உலைக்குப் போகிறது என்பதே அதன் சாரம். அந்த அரிசித் திட்டத்தை வகுத்த பாக் ஹர்தோனோவே, அதாவது ஹர்தோனோ ஐயாவே, ஜகார்த்தாவிலிருந்து விருந்தாளியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதாத காலம், அவளுடைய மேலதிகாரியும் அவர்தான். படிப்பு விடுப்பு முடிந்து ஊர் திரும்புகிறவளுக்குப் பழைய வேலை உண்டா இல்லையா என்பது அவர் கையில் இருந்தது.

ஆஸ்திரேலியர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைந்தார்கள். அது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் இந்த மனிதர் வாயே திறக்கவில்லை. ஜாவாக்காரர் சிரித்த முகமாகச் சும்மா இருந்தால் அதைவிடப் பெரிய கோபம் வேறில்லை. அவள் கொண்டுபோய் வைத்த தேநீரைக்கூட அவர் தொடவில்லை. கை நனைக்கவே மாட்டேன் என்கிறாரே, வேலை போயிற்று என்றே அவள் முடிவு கட்டினாள்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆய்வுத் திட்டத் தலைவி ஃபியோனா, யாரையும் கேட்காமல் இரண்டாவது கோப்பையை ஊற்றிக்கொண்டாள். அப்போதுதான் வெனிங்குக்கு உறைத்தது. அடிப்பாவி! ஊரில், வீட்டுக்காரர் குடியுங்கள் என்று சொல்லாமல் எந்த விருந்தாளி கோப்பையைத் தொடுவார்? கோப்பையை வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு மேடைக்கு ஓடியிருந்தாள்.

இறங்கிப்போய் அவர் அருகில் குனிந்தாள்.

“டீ ஆறுது பாக், குடிங்க.”

ஒரே மூச்சில் கோப்பை காலியானது.

“இப்பவாச்சும் சொன்னியேம்மா. தொண்டை காஞ்சு பேச்சே வரல. சர்க்கரையும் போடல. கான்பெரா உன்னைக் கெடுத்துடுச்சு.”

பிறகு பிடித்துக்கொண்டார். ஊர்த்தலைவர்கள் பொல்லாப்பு வேண்டாமென்று அரிசியை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டால், அதற்குத் திட்டம் என்ன செய்யும் என்று பொரிந்து தள்ளினார். அது தெரிந்தும் அந்தத் தலைவர்களிடமே கொடுத்தது யார் குற்றம் என்று அவளும் விடவில்லை. ஃபியோனா பயந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெனிங்குக்கோ போன உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. வேண்டாதவளோடு இவர் இப்படிச் சண்டை போட மாட்டார்.

“மீதிச் சண்டைய ஆபீஸ்ல வச்சுக்கலாம், சீக்கிரம் வந்து சேரு” என்றார் பாக் ஹர்தோனோ.

அவள் அடுத்த கோப்பையில் தாராளமாகச் சர்க்கரை போட்டாள். அது மேஜையைத் தொடும் முன்பே, “குடிங்க பாக்” என்றாள்.