மறுப்பவர்கள் கை தூக்கவும்

வகுப்பில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்பலகைக்கு முன்னால், உட்காராமல், பயிற்சி ஆசிரியை. கடைசி பெஞ்சின் ஒரு முனையில் நான். அவளுக்குத் தத்துவப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தவள், அன்றைக்கு மதிப்பெண் போட வந்தவள். மறு முனையில் இன்னொரு மதிப்பீட்டாளர். கழுத்தில் எப்போதும் ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டிருப்பதால் பயிற்சிக் கல்லூரி முழுக்க அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். எங்களுக்கு நடுவில் அவருடைய பை. முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பெஞ்சுக்கு நான்கு பேர். ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் மட்டும் மூன்று பேர்.

பயிற்சி ஆசிரியைக்கு இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. போன தடவை கேள்வியைக் கேட்டாள்; பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. தானே பதிலைச் சொல்லி, அந்தப் பதிலுக்குத் தானே மறுப்பும் சொல்லி, வியர்த்து விறுவிறுத்து முடித்தாள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் படித்த படிப்பு வீண். சித்தப்பாவின் டயர் கடைக்குத்தான் போக வேண்டும். அவளே என்னிடம் சொன்னது இது.

நான் அப்போது எப்படி இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். அக்கா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு எதுவும் ருசிக்கவில்லை, ருசிக்காததும் உறைக்கவில்லை. சாவு வீட்டில் நான் அழவில்லை. "கல்லைக் கொண்டாந்து உக்கார வச்ச மாதிரி இருக்கா பாரு" என்று சித்தி என் காதுபடவே சொன்னாள். வேறு யாரையோ சொல்வதாகத்தான் பட்டது. ஆகவே பயிற்சி ஆசிரியை பலகையில் கேள்வியை எழுதியபோது, எழுத்துகள் கோணாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன்.

'அழாதவருக்கு வருத்தம் இல்லையா?'

பிள்ளைகளுக்கு விவாதம் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது.

"வருத்தம் இருந்தா அழுகை வரும். அழுகை வரலன்னா வருத்தம் இல்ல" என்றான் முன்வரிசைப் பையன்.

"நான் மறுக்கிறேன். வெங்காயம் நறுக்கும்போதும் அழுகை வருது. அதனால அழுகை வேற, வருத்தம் வேற."

"நான் அதை ஏத்துக்கிட்டு ஒண்ணு சேர்க்கிறேன்..."

ஸ்டாப்வாட்ச் என் பக்கம் சாய்ந்தார். "சும்மா பிச்சு உதறுதுங்க, பார்த்தீங்களா மேடம்? நம்ம ஆசிரியர் கூட்டத்துல ஒருத்தராவது இவ்வளவு ஒழுங்காப் பேசியிருப்போமா?"

"ரொம்ப ஒழுங்கா இருக்கு சார்."

"ஒழுங்கா இருந்தாலும் குத்தமா?"

"இப்ப மறுக்கறவங்க கை தூக்குங்க" என்றாள் பயிற்சி ஆசிரியை. ஒரு கையும் எழவில்லை. அவள் பார்வை ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போனது. அங்கிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், அவனுக்குக் காய்ச்சல், வரல. அவனோட மறுப்பை நான் சொல்லட்டுமா? எனக்கு மனப்பாடம்."

"ஏய், உனக்கு ஏத்துக்கறதுதானே குடுத்தாங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெண்டும் சொல்வேன், போடா."

வகுப்பு சிரித்தது. ஸ்டாப்வாட்ச் எழுதுவதை நிறுத்தினார். பயிற்சி ஆசிரியை டஸ்டரைப் பிடித்தபடி நின்றாள்.

மதிப்பிட வந்தவர் பாடத்தின் நடுவே பேசக் கூடாது என்பது விதி. நான் எழுந்தேன்.

"ஒத்திகை பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவை, மேடம்."

"குடுத்த பதிலெல்லாம் தீர்ந்துதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்."

"அதை விட்டுடுங்க. பாடத்திட்டத்தை மூடி வச்சுட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க."

"யாரும் பேசலன்னா?"

"பேசலன்னா பேசல."

இரக்கப்பட்டுச் சொன்னேனா என்றால் இல்லை. மணியடிக்க இன்னும் நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கேட்டாள். பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. வெளியே யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். வீடு பற்றி எரியும்போது வேடிக்கை பார்ப்பவளைப் பார்ப்பதுபோல ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்த்தார்.

சுவரோரம் இருந்த ஒரு சிறுமி, கையும் தூக்காமல், எழவும் செய்யாமல் சொன்னாள்: "எங்க அக்கா ஹாஸ்டலுக்குப் போனப்ப அம்மா அழுதாங்க. நான் அழல. அவ மேசை எனக்குக் கிடைச்சுதேன்னு இருந்துச்சு."

பயிற்சி ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா இன்னும் அதுல உக்காரல. தரையிலதான் எழுதறேன்."

"ஏன்?"

"தெரியல டீச்சர்."

முன்வரிசைப் பையன் திரும்பினான். "அப்ப அது வருத்தம்தான். உனக்குத் தெரியல."

"எனக்கே தெரியாத வருத்தம் எப்படிடா என்னோடதாகும்? லூசு."

"பல்வலி தூங்கறப்ப தெரியாதுல்ல, அது மாதிரி."

"தூங்கறப்ப அந்த வலி இருக்கா, இல்லையா?" என்று பயிற்சி ஆசிரியை கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. ஏற்கிறேன், மறுக்கிறேன் என்ற முன்னுரை எதுவும் இல்லாமல் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மணியடித்தது ஸ்டாப்வாட்சுக்கு மட்டும்தான் கேட்டது.

எனக்கு அக்காவின் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தரையில் குனிந்து எழுதினால் அந்தப் பிள்ளைக்கு முதுகு வலிக்குமே என்று மட்டும் தோன்றியது.

ஆசிரியர் அறையில் ஸ்டாப்வாட்ச் கதவைச் சாத்தினார். "ஒத்திகை பார்த்த பாடம் செல்லாது. விதி அப்படி. முடிஞ்சுது கதை."

"முதல் பாதி செல்லாது. பின்பாதிக்கு யாரும் ஒத்திகை பார்க்கல."

"அந்தப் பின்பாதியே நீங்க வாயைத் திறந்ததாலதானே வந்துச்சு? அதையும் எழுதுவீங்களோ?"

"எழுதுவேன்."

"எழுதினா அடுத்த வருஷம் மதிப்பீட்டாளர் பட்டியல்ல உங்க பேர் இருக்காது. வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்காதீங்க மேடம்."

நடைவழியில் பயிற்சி ஆசிரியை காத்திருந்தாள். "ஒத்திகையை மட்டும் எழுதாம விட்டுடுங்களேன் மேடம். என் நிலைமை உங்களுக்குத் தெரியும்."

"அதை விட்டுட்டா, கடைசியில நீங்க செஞ்சது என்னன்னு யாருக்கும் புரியாது."

"எழுதினா தேறுவேனா?"

"தெரியல."

"தெரியலன்னு சொல்ல உங்களுக்குக் கஷ்டமாவே இல்லையா?"

உள்ளே தேடிப் பார்த்தேன். கைக்கு எதுவும் அகப்படவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

தேர்வு வாரியத்துக்குக் கடிதத்தை அன்றே இப்படி எழுதினேன்: ஒத்திகை பார்த்த பகுதிக்கு மதிப்பெண் இல்லை. அதன் பிறகு, கையில் திட்டம் இல்லாமல், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பயிற்சி ஆசிரியையால் பேசாமல் இருக்க முடிந்தது. ஒரு குழந்தை சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்க முடிந்தது. இந்த வேலைக்குத்தான் நாம் பயிற்சி தருகிறோம். ஆகவே தேர்ச்சி என்று பரிந்துரைக்கிறேன். பாடத்தின் நடுவே குறுக்கிட்டது நான். அது குற்றமானால் என் பேரில் எழுதிக்கொள்ளவும், அவர் பேரில் வேண்டாம். வாரியம் ஏற்காவிட்டால், வேறு பள்ளியில் வேறு மதிப்பீட்டாளர்கள் முன் இன்னொரு பாடத்துக்கு அனுமதி தரவும்.

ஸ்டாப்வாட்சிடம் நீட்டினேன். முழுவதும் படித்தார். அடியில், 'ஒத்திகை நடந்தது உண்மை. மற்றதில் உடன்பாடில்லை' என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர், பிறகு இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, 'மற்றதை நானும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கும் ஓணான் ஒண்ணு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பசையைத் தடவி, ஓரம் பிரியாமல் அழுத்தினேன். தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். குமாஸ்தா எடை பார்த்து, முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.