பின்வளவில் ஒரு மிதவை

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் தெரிகிறது, நான் குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழும்படி, சட்டை ஊத்தையாகுது என்கிறா அம்மா, நான் எழும்பவில்லை, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஓடுகிற அந்த மிதவையை எங்களூரில் பாதை என்பார்கள், இரும்பு மிதப்புகளின் மேல் பலகை அடித்த ஒரு தட்டு, வேறொன்றுமில்லை, அதில் மாடும் ஏறும், சைக்கிளும் ஏறும், கலியாணப் பொம்பிளையும் ஏறுவாள், பலகை இடுக்கில் கடல் கறுப்பாய் நெளிகிறது, நெளிந்து நெளிந்து பச்சையாகிறது, புல்லாகிறது, புல்லின் மேல் சீமெந்துக் கற்கள், கற்களின் மேல் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவில் என் புருஷன் குலேந்திரன் அளவுநாடாவைப் பல்லில் கடித்தபடி முழங்காலில் நிற்கிறார், இது ரொறொன்ரோவுக்கு வெளியே எங்கள் வீட்டின் பின்வளவு, நான் குசினிக்குள்ளே ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், அவர் எனக்காக ஒரு டெக் கட்டுகிறார், வெளியே காற்றாட இருக்க ஒரு பலகைத் தளம், எனக்காகவாம்.

மிதக்கிற டெக் என்றார் முதல் நாள், முகமெல்லாம் சிரிப்பு, குழி தோண்டத் தேவையில்லையப்பா, வீட்டுச் சுவரில பூட்டத் தேவையில்லை, கல்லை வைச்சு அதுக்கு மேல சட்டத்தை வைச்சாச் சரி, தன்ர பாட்டில நிக்கும், நிலத்தோட ஒட்டிப் பதிவா அடிச்சா நகரசபையிட்ட அனுமதியும் கேக்கத் தேவையில்லையாம், உமக்குக் காத்துப் படும், வெயில் படும் என்று அடுக்கிக்கொண்டே போனார், கடலில்லாத ஊரில அது எதிலயப்பா மிதக்கப்போகுது என்று கேட்டேன், அப்போது என் நாக்கு வேலை செய்தது, கொழகொழவென்றுதான், ஆனாலும் செய்தது. வாயால் வாழ்ந்தவள் நான், தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற பகுதியில் நின்றவள், நாறின பாரையை இன்று வந்ததென்று சொல்லச் சொன்ன முதலாளியைச் சனத்துக்கு முன்னால் வெளுத்து வாங்கினவள், இவவின்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும் என்று குலேந்திரன் வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார், கடவுளுக்குக் கேட்டிருக்கும் போல, போட்டுவிட்டார். முதலில் கை, ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்க மாட்டேன் என்றது, பிறகு கால், பிறகு நாக்கு, நரம்புகள் ஒவ்வொன்றாய்த் தசைகளைக் கைவிடுகிற வருத்தம், சுகமாக்க மருந்தில்லை, ஆஸ்பத்திரியில் டொக்டர்ப் பெண் ஒளிக்காமல் சொன்னா, விழுங்க ஏலாமல் வரும், அப்போது வயிற்றில் குழாய் போடலாம், மூச்செடுக்க ஏலாமல் வரும், அப்போது மெசின் பூட்டலாம், வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே வீட்டில் கதைத்து வையுங்கள், அவசரம் வந்தால் அம்புலன்சில் வருகிறவர்கள் உங்கள் கணவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று. அவர் என் பக்கத்தில்தான் இருந்தார், குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார், கட்டினதை அவிழ்த்து மறுபடி கட்டினார். எனக்கு என் முடிவு அங்கேயே தெரியும், குழாயும் வேண்டாம், மெசினும் வேண்டாம், அதை நாக்குப் போகமுன்னம் என் வாயால் அவரிடம் சொல்லவேண்டும், அவர் ஓம் என்று சொல்வதை என் காதால் கேட்கவேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இஞ்சாருங்கோ, உங்களோட ஒரு கதை இருக்கு என்பேன், கதைப்பம் கதைப்பம், மழை வரமுன்னம் உந்தச் சட்டங்களை மூடிப்போட்டு ஓடிவாறன் என்று எழும்பிவிடுவார், இருங்கோவன் கொஞ்சம் என்பேன், அதற்குள் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். கல் வைத்த இடம் மட்டமில்லை என்று வைத்த கல்லையெல்லாம் கிளப்பினார், மண்ணைச் சுரண்டி, சல்லி போட்டு, குத்தி, மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குள் ஓடுகிற குமிழியைக் குனிந்து பார்த்தார், குமிழி நடுவில் நின்றது, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை, இன்னொரு தரம் கிளப்பினார், பலகை வளைந்திருக்கிறதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார், ஸ்குரூ துருப்பிடிக்கிற சாதியென்று பூட்டினதையெல்லாம் கழற்றினார், அட பாவி மனுசா, துருப்பிடிக்கிறது உள்ளே இருக்கிறதடா என்று கத்தவேண்டும் போலிருந்தது, கத்தினால் புரையேறும். மகள் ஆரணியிடம் என் முடிவைச் சொன்னேன், அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள், எனக்கு விளங்குதம்மா, ஆனா அப்பாட்டச் சொல்ல என்னால ஏலாது, நீங்களே சொல்லுங்கோ என்றாள், பிறகு ஒரு கருவி வாங்கித் தந்தாள், எழுத்தைத் தட்டினால் அது பேசும், ஒரு வெள்ளைக்காரப் பெட்டையின் குரலில், கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுசனோடு நான் போட்ட சண்டையெல்லாம் என் தொண்டையால் போட்டது, கடைசிச் சண்டையை மட்டும் அந்தப் பெட்டை வந்து போடுவதா, தூக்கி அலமாரிக்குள் வை என்றேன். ஒருநாள் பலகையெல்லாம் அடித்து முடித்து, வாரும், வந்து பாரும் என்று கதவைத் திறந்து நாற்காலியைத் தள்ளினவர் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார், கதவு மேலே, டெக் கீழே, நடுவில் இரண்டு படி, அனுமதி வேண்டாமென்று பதிவாக அடித்த டெக், நிலத்தை அளந்தவர், மரத்தை அளந்தவர், இந்த நாற்காலிச் சில்லு எப்படி இறங்கும் என்று நினைக்கவேயில்லை, அவருடைய நினைப்பில் நான் இன்னும் நடந்து திரிகிறவள். எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த வருத்தத்தில் சிரிப்பு வந்தால் நிற்காது, அழுகை வந்தாலும் நிற்காது, சிரித்துச் சிரித்து எச்சில் வழிந்தது, அவர் தோளில் கிடந்த துவாயால் துடைத்துவிட்டு, சில்லு இறங்கச் சறுக்குத்தளம் ஒண்டு அடிக்கவேணும் என்றார், குரலில் ஒரு நிம்மதி, திரும்பவும் அடிக்க ஏதோ கிடைத்துவிட்டதென்று.

அவருடைய துளைபோடுகிற மெசின் இரைய நான் கண்ணை மூடுகிறேன், மூடினால் பாதைதான், ஐயாவைக் கொண்டுவருகிறோம், பாரிசவாதம் அடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் அப்பா, பாயில் சுற்றி மிதவையின் நடுப்பலகையில் கிடத்தியிருக்கிறார்கள், மூக்கில் குழாய், குழாயைக் கன்னத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது, பெரியப்பா தள்ளி நின்று மிதவைக்காரரோடு இறால் படுகிற கதை கதைக்கிறார், அம்மா தண்ணீரைப் பார்க்கிறா, ஐயாவை ஒருவரும் பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்ததும் அவர் குழாயைப் பிடுங்கிவிட்டார், போட்டார்கள், பிடுங்கினார், அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து அவருடைய கையைக் கட்டிலோடு கட்டினா, இல்லாட்டிப் பட்டினி கிடந்தெல்லோ சாவார் பிள்ளை என்று அழுது அழுதுதான் கட்டினா, அம்மாவைக் குறைசொல்ல நான் ஆர், மாரி வந்து, போய், திரும்பவும் மாரி வந்தது, கட்டின இடத்தில் தோல் உரிந்து ஈ மொய்த்தது, ஐயாவின் கண் மட்டும் கட்டை அவிழ் அவிழ் என்று ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டேயிருந்தது, எங்களில் ஒருவர்கூட ஓம் என்று சொல்லவில்லை. குலேந்திரனும் அந்த மிதவையில் நிற்கிறார், அப்போது அவர் எங்கேயோ மானிப்பாயில் அரைக்காற்சட்டையோடு திரிந்திருப்பார், ஆனாலும் அவர்தான், முழங்காலில் நின்று ஐயாவைச் சுற்றிப் பலகை அடிக்கிறார், எழும்புங்கோ, கரை வருகுது என்கிறேன், இந்த ஒரு ஆணிதானப்பா என்கிறார், முழித்துப் பார்த்தால் குசினி, கஞ்சி ஆறிக் கிடக்கிறது, கரண்டியோடு ஆரணி நிற்கிறாள், விழுங்கின கஞ்சி பாதியில் நின்று நெஞ்சை அடைக்கிறது.

சறுக்குத்தளம் முடிகிற நேரத்தில் மேப்பிள் இலை சிவந்துவிட்டது, என் நாக்கும் போய்விட்டது, ஒரு காலை விடிந்து வாயைத் திறந்தால் ஆ, ஊ, அவ்வளவுதான், நேற்றுவரை எச்சிலோடாவது வந்த சொல்லெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, அலமாரியில் கிடக்கிற அந்தக் கருவியைத் தட்ட விரலும் இல்லை. அன்று பின்னேரம் அவர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார், சில்லு சறுக்குத்தளத்தில் இறங்கியது, டெக்கில் ஏறியது, ஒரு ஆட்டம் இல்லை, ஒரு கிறீச்சு இல்லை, நல்ல வேலைதான், பொய் சொல்லக் கூடாது, வெயில் முகத்தில் பட்டது, சுகமாகத்தான் இருந்தது, அதுதான் கோபத்தைக் கிளப்பியது. அவர் போர்வையை இழுத்துவிட்டார், சுற்றிப் பார்த்தார், அடிக்க ஒன்றுமில்லை, அளக்க ஒன்றுமில்லை, பலகையில் என் காலடியில் குந்தினார், வருத்தம் வந்த பிறகு என் பக்கத்தில் ஒரு வேலையுமில்லாமல் அவர் இருந்தது அன்றுதான். நான் தொடங்கினேன், தொண்டை நரம்பு புடைக்க, குழாய் என்று, ஊ என்று வந்தது, வேண்டாம் என்று, ஆ என்று வந்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அவர் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார், மரத்தூள் ஒட்டிய கன்னம், சரி, களைக்காதையும், எனக்குத் தெரியும், குழாய் வேண்டாம், மெசின் வேண்டாம் எண்டுறீர், உம்மட ஐயாவுக்குக் கட்டின மாதிரி உம்மைக் கட்டக்கூடாது எண்டுறீர், இண்டைக்கில்லை, அந்த டொக்டரின்ர அறையிலயே எனக்குத் தெரியும் என்றார்.

தெரியுமா, தெரிந்துகொண்டா கோடை முழுக்க என்னை ஜன்னலோரம் இருத்திப்போட்டுப் பலகை தட்டினீர், எனக்கு வாயிருந்த காலமெல்லாம் போச்சே மனுசா, எத்தனை கதை கதைத்திருக்கலாம், எத்தனை சண்டை பிடித்திருக்கலாம் என்று என் கண் கேட்டது போலும், அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், இருந்து கேட்டா நான் ஓம் எண்டெல்லோ சொல்லவேணும், சொன்னா நீர் போயிடுவீர் என்ற பயம், கட்டிக்கொண்டிருக்கும்வரைக்கும் ஒண்டும் நடக்காது எண்டு ஒரு விசர் நினைப்பு என்றார், குளிர்காற்று வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் இலை கூட்டுகிற சத்தம் கேட்டது, அவர் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்து, சரியப்பா, ஓம், உம்மட விருப்பம்தான், அம்புலன்சில வாறவையிட்ட நானே சொல்லுறன் என்றார். ஐயோ, அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இவ்வளவு நாளும் மல்லுக்கட்டினேன், அது வந்து காதில் விழுந்ததும், இவ்வளவு கெதியாகவா ஓம் என்கிறீர், ஏலாது, உம்மைப் போகவிட மாட்டன் என்று ஒருக்கா, ஒரேயொருக்கா, சொல்லிப்போட்டுப் பிறகு ஓம் என்று சொல்லக்கூடாதா, எனக்குப் பயமாயிருக்குதப்பா, ஒருக்கா என்னை மறியுங்கோவன் என்று கேட்க வாயைத் திறக்கிறேன், ஆ என்கிறது, ஊ என்கிறது, குலேந்திரன் என் கையைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டுகிறார், ஓமப்பா, ஓம், விளங்கிவிட்டுது, நான் மாறமாட்டன், நீர் பயப்பிடாதையும் என்கிறார்.