இருநூற்றுப் பன்னிரண்டாவது பாட்டில்

என் தம்பி பல் டாக்டர். அது அவன் குற்றமில்லை. ஆனால் ஆராய்ச்சி செய்கிறேன் என்று கிளம்பி என் உயிரை வாங்குவது முழுக்க முழுக்க அவன் குற்றம்தான்.

ஈறுக்குள் சிக்கிக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல் கோணலாகப் படுத்துக்கிடக்கும் ஞானப்பல்லைப் பிடுங்கும்போது, அதைச் சுற்றி மெல்லிய சதைப்பை ஒன்று வரும். மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவார்கள். இவன் ஒவ்வொன்றையும் பாட்டிலில் அடைத்து, எண் எழுதி, இரண்டு மாடி கீழே இருக்கும் என் லேபுக்கு அனுப்புவான். அதில் நோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். இருநூற்றுப் பதினோரு பாட்டில் பார்த்தாயிற்று. இருநூற்றுப் பதினோரு முறை 'நோய் ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

எனக்கும் ஒரு ஆராய்ச்சி உண்டு. குருத்தெலும்பில் வரும் கட்டிகளை டாக்டர்கள் எங்கே தவறாகப் படிக்கிறார்கள் என்பதுதான் அது. பொல்லாத கட்டி. விரல் எலும்பில் இருந்தால் பெரும்பாலும் சாது. அதே முகத்தோடு தாடையில் உட்கார்ந்திருந்தால் புற்றுநோயோ என்று பயந்தாக வேண்டும். அதனால் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் ஸ்லைடைப் படிக்காதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். அந்த வேலை கிடப்பில் கிடக்க, பல் பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவற்றை எப்போதும் கடைசியில்தான் பார்ப்பேன். போன வாரம் பொறுமை போய், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்குக் கடிதமே எழுதிவிட்டேன்: வெட்டி வேலை, தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்று காலை இருநூற்றுப் பன்னிரண்டாவது ஸ்லைடை வைத்தால், சதைப்பையின் ஓரத்தில் நீலமாக ஒரு துணுக்கு. குருத்தெலும்பு. செல்கள் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லேப் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். மெழுகில் புதைத்த சதையைக் காகிதத்தை விட மெல்லியதாகச் சீவி எடுப்பவர் என்பதால் அவருக்கு இங்கே சீவல்காரர் என்று பெயர்.

"என் கட்டி தம்பியோட பல்லுக்குள்ள எப்படிங்க போச்சு? பிளேடைத் துடைக்காம வெட்டினீங்களா?"

"துடைச்சுட்டுத்தான் மேடம் வெட்டினேன்."

"அப்ப அதுவா நடந்து போச்சா?"

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். 'வேறு நோயாளியின் துணுக்கு கலந்துள்ளது. நோய் ஏதும் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் தம்பியையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று போன் செய்தேன்.

"டேய், உன் பாட்டிலால என் லேபே குழம்பிப்போச்சு. இருநூத்திப் பன்னெண்டுல என் கேஸ் கலந்திருக்கு."

"கத்தாதக்கா. அந்தப் பேஷண்ட் இப்ப இங்கதான் உக்காந்திருக்காரு. கப்பல்ல சமையல்காரர். நாளைக்கு ஏறினார்னா திரும்பி வர பத்து மாசம் ஆகும். ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் குடு, அனுப்பிடறேன்."

"ஒண்ணுமில்லதான். இதோ போடறேன்."

பேனாவை எடுத்தேன். சீவல்காரர் ஒரு நோட்டோடு வாசலில் நின்றார்.

"கோவப்படாதீங்க மேடம். இந்தப் பல் பையை வெட்டினது போன செவ்வாய்க்கிழமை. உங்க எலும்பெல்லாம் அன்னைக்கு ஆசிட்ல கிடந்துச்சு. இன்னும் இளகலை, ரெண்டு நாள் கூட ஊறட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. வியாழக்கிழமைதான் வெட்டினேன். அதுக்கு முன்னாடி ஒரு மாசமா எலும்பே வெட்டலை."

எலும்பு ஆசிட்டில் ஊறி இளகினால்தான் கத்திக்கு வரும். செவ்வாய்க்கிழமை அந்தக் கத்தியில் கலப்பதற்கு என் குருத்தெலும்பு ஒரு துளிகூட இல்லை. அப்படியென்றால் அந்தத் துணுக்கு சமையல்காரருடையது. அவர் தாடையிலிருந்து வந்தது. எக்ஸ்ரே, எக்ஸ்ரே என்று ஊரெல்லாம் கத்துகிற நான், இவருடைய எக்ஸ்ரேயைக் கேட்கக்கூட இல்லை.

லிப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினேன். நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பழைய எக்ஸ்ரேயைத் திறக்கச் சொன்னேன். கோணல் பல்லுக்குப் பின்னால், எலும்பில் சாக்பீஸ் தூள் கொட்டினாற்போல் லேசான ஒரு கலங்கல் தெரிந்தது.

"இது உன் கண்ணுல படலையாடா?"

"நான் பல்லைத்தான்க்கா பாத்தேன்."

திட்ட வாயெடுத்தேன். அதற்கு நேரமில்லை. "அந்தத் துணுக்கு பத்தாது. இன்னும் கொஞ்சம் சதை வேணும்."

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. "பல்லு எடுத்த குழி சரியா ஆறலைன்னு இப்பத்தான் சுரண்டி எடுத்தேன். கொஞ்சம் வந்துச்சு."

"எங்க அது?"

"குப்பையில. இனிமே எதையும் கீழ அனுப்பக் கூடாதுன்னு காலையிலதான் ஆர்டர் வந்துச்சு. உன் கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தாங்க."

இரண்டு பேரும் கையுறையை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியின் முன்னால் குந்தினோம். ரத்தம் தோய்ந்த துணித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதல் நான்கு துணிவரை அவனைத் திட்டினேன். பிறகு உடனே ஆர்டர் போட்ட பெரிய டாக்டரைத் திட்டினேன். அப்புறம் திட்டுவதற்கு என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. ஒன்பதாவது துணியின் மடிப்பில், அரை அரிசி அளவுக்கு வெள்ளையாகப் பளபளவென்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பி மேசையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான். அதில் இருநூற்றுப் பதின்மூன்று என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆர்டர் வந்த பிறகும் எழுதாமல் இருக்க அவனுக்கு மனசு வரவில்லை போல.

சமையல்காரர் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். "என்னங்க தேடறீங்க? பல்லுதான் அன்னைக்கே போயிடுச்சே."

"உங்க தாடை எலும்புல ஒரு கட்டி இருக்கும்போலத் தெரியுது. நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியலை. அது தெரியற வரைக்கும் நீங்க கப்பல் ஏறக் கூடாது."

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பல்லு எடுத்துப் பன்னெண்டு நாளாச்சு மேடம். நீங்க பாத்தப்ப அதுல ஒண்ணும் தெரியலையா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தலையில் பழியைப் போட இந்த ஒரு முறை எனக்கு வழியே இல்லை.

"தெரிஞ்சுதுங்க," என்றேன். "நான்தான் நம்பலை."