நிலைக்கு அடியில் கிடந்த இருபது பைசா

எங்கண்ணன் முத்துராமலிங்கம் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். அங்கே என்னத்தைக் கிழித்தானோ, இலஞ்சிக்குத் திரும்பி வந்து என் உயிரை வாங்குகிறான். வீட்டின் மேற்கு அறை தொண்ணூற்று நாலில் அவன் சம்பளத்தில் கட்டியதாம். பச்சைப் பொய். எண்பத்தாறில் அப்பா கட்டியது. அன்றைக்கு நான் சாந்துச் சட்டியில் விழுந்து அடி வாங்கினேன், அது மறக்குமா? அப்பா கட்டியதெல்லாம் எனக்கென்று உயிலில் இருக்கிறது.

சித்திரையில் அந்த அறையின் வாசல் நிலை கரையான் அரித்துச் சாய்ந்தது. பெயர்த்தபோது அடியில் மண் அப்பிய காசு ஒன்று கிடந்தது. நிலை வைக்கும்போது அந்த வருஷத்துப் புதுக்காசைப் போடுவது அப்பாவின் வழக்கம். அது அண்ணனுக்கும் தெரியும். ஆறு மூலை இருபது பைசா, ஒரு மூலை வளைந்திருந்தது.

பஞ்சாயத்துக்கு வந்த சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "காசுல எண்பத்தாறுன்னு இருந்தா ரூம் சின்னவன் இசக்கிமணிக்கு. இல்லைன்னா பெரியவனுக்கு. ரெண்டு பேருக்கும் சம்மதமாலே?"

"சம்மதம். புளி போட்டுத் தேய்ங்க, தெரிஞ்சிரும்" என்றான் அண்ணன்.

நான் விடுவேனா? "எங்கிட்ட மெஷின் இருக்கு. நாளைக்குக் கண்ணாடி கணக்கா கொண்டாரேன்."

"காசை மாத்தினேன்னா கையை ஒடிச்சிருவேன்லே" என்று அண்ணன் முறைத்தான்.

அந்த மெஷின் என் செல்லம். ஐந்தருவியில் தண்ணீர் வற்றும்போது, குளிக்க வந்தவர்கள் தவறவிட்ட காசுகளைச் சல்லடை போட்டு அரித்து எடுப்பேன். மோட்டாரில் உருளும் ரப்பர் டப்பாவுக்குள் காசு, மீன்தொட்டிக் கல், சோப்புத் தண்ணீர். மூடி ஓடவிட்டால் கடகடவென்று உருண்டு, பாசி பிடித்த காசெல்லாம் பளிச்சென்று வரும். அதைப் 'பைத்தியக்கார வேலை' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் எங்கண்ணன்.

வீட்டில் என் மனைவி இசக்கிச்செல்வி காசைக் குழாயடியில் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"ஏங்க, எண்பத்தாறுன்னு நல்லாத் தெரியுதே!"

பார்த்தேன். 1986. நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"இப்படியே கொண்டுபோய்க் காட்டுங்க. ஒரு போட்டோவாவது எடுக்கட்டா?"

"ஏட்டி, சும்மா கெட. அழுக்கோட காட்டினா அது ஆறு இல்ல, எட்டுன்னு சாதிப்பான். பளபளன்னு அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டணும். எந்த மெஷினைப் பைத்தியம்னு சொன்னானோ அந்த மெஷின்லயே."

ஐந்தருவிக் காசுகளோடு அதையும் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ஓடவிட்டது, மறுநாள் மத்தியானம் வரை உருண்டது. அண்ணன் மூஞ்சி தொங்குவதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே சோறு தின்றேன்.

மூடியைத் திறந்தால் தண்ணீர் மை போலக் கறுப்பு. மற்ற காசெல்லாம் மின்னியது. இருபது பைசா அலுமினியம் என்பது அப்போதுதான் உறைத்தது. வளைந்த மூலை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் மாதிரி மழமழவென்று ஆகியிருந்தது.

பஞ்சாயத்தில் அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தொண்ணூத்தி நாலுன்னு கண்டுட்டான், அண்ணாச்சி. வேணும்னே அழிச்சிருக்கான்."

"எண்பத்தாறுதான். நான் என் கண்ணால பார்த்தேன்" என்றாள் செல்வி.

"நீ உம் புருசனுக்கு வேற என்னத்தச் சொல்லுவே?"

அண்ணாச்சி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அறைச் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைக் கொன்றிருப்பேன். அதைவிட என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஆவணியில் அண்ணன் அங்கே தேக்கு நிலை வைத்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். காசு போடும் நேரம், நடுவில் அவன் போட்ட வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். புது ஐந்து ரூபாயைத் தூக்கிக் காட்டினான்.

"ஏலே இசக்கி! இதையும் ஒரு உருட்டு உருட்டித் தாரியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆதரவுக்கு யாராவது வேண்டுமே என்று திரும்பினேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு செல்வியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.