விதியை மீறிய பங்கேற்பாளர்

அண்ணனைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான்கு வருட உழைப்பு. கைபேசியை எதன் முன்னால் நீட்டினாலும் அது என்னவென்று பார்வையற்றவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லும் செயலி. பால் பாக்கெட்டின் தேதி, லிஃப்ட்டின் பொத்தான், மாத்திரை அட்டை, எதிரே இருக்கும் கதவு, எல்லாவற்றையும் சொல்லும். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் அவளுடைய ஆய்வகம். 'நம்பகமான செயற்கை நுண்ணறிவு, எல்லோருக்கும்' என்று வாசலில் பலகை. அதற்கு முன்னால் நின்றுதான் பேராசிரியர் விருந்தாளிகளோடு படம் எடுத்துக்கொள்வார்.

அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் பார்வை போயிற்று. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் வேலை. ஒரு மருந்தின் பெயர் காதில் சரியாக விழாவிட்டால் நான்கு தடவை கேட்பார். "கல்யாணத்தன்னிக்கு என் பேரையே ரெண்டு தடவ சரிபார்த்தவரு" என்று அண்ணி கேலி செய்வாள்.

இருபத்தாறு பேர் எட்டு வாரம் செயலியோடு வாழவேண்டும். முடிவில், இதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்ற கேள்விக்குப் பத்துக்கு மதிப்பெண் போடவேண்டும். இவ்வளவுதான் பரிசோதனை.

முதல் வாரமே அண்ணன் ஃபோன் செய்தார். "குட்டி, உன் செயலிப் பொண்ணு நல்லாத்தான் பேசுறா. ஆனா புளுகுறா."

"என்னண்ணா ஆச்சு?"

"கண்ணாடி பீரோவ வாசக்கதவுன்னா. நம்பிப் போய் நெத்தியில முட்டிக்கிட்டேன். தப்பு வர்றது பரவாயில்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்ல? சரியா சொல்றப்பவும் அதே குரல், தப்பா சொல்றப்பவும் அதே குரல். நான் எத வச்சுப் பிரிப்பேன்?"

அன்றிலிருந்து அவர் செயலி சொன்ன ஒவ்வொன்றையும் அண்ணியிடம் கேட்டுச் சரிபார்த்துப் பட்டியல் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு கேள்வி, எழுபத்தொரு தப்பு. அவற்றில் ஒன்பது மருந்துகள். கடைசியில் மூன்று மதிப்பெண் போட்டார். மற்ற இருபத்தைந்து பேரும் எட்டுக்குக் குறைவாகப் போடவில்லை.

பேராசிரியர் அவளை அறைக்கு அழைத்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாலாவது விதி என்னம்மா?"

அவளே எழுதிய விதி. பார்வையுள்ளவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கக் கூடாது.

"அவர் மீறியிருக்கார். அதுவும் உங்க சொந்த அண்ணன். எடுத்துடுங்க. இருபத்தஞ்சு பேர் போதும்."

"சார், மத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தனியா இருக்கறவங்க. தப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாம அளக்கறது நம்பிக்கைய. தப்ப இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நேத்துதான் எழுதியிருக்கேன்."

இருக்கைக்கு வந்து கோப்பைத் திறந்து அண்ணனுடைய ஏழாவது வரிசையை அழித்தாள். ஒரு விசையை அழுத்துகிற நேரம்தான் ஆயிற்று. அண்ணனிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கட்டுரை வந்தது. பரிசும் வந்தது. செயலி எல்லோர் கைக்கும் போயிற்று. பெரிய திரையில் 'நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று நம்பிக்கை' என்று மின்னியபோது அவளும் கைதட்டினாள்.

ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. பரிசோதனையில் பத்துக்குப் பத்து போட்ட டீச்சரம்மா. ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். சர்க்கரை மாத்திரையைச் செயலி சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று போட்டுக்கொண்டு மயங்கிக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அவள் ஓடினாள். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அது மேல தப்பு இல்லம்மா," என்றார் டீச்சரம்மா. "எனக்குக் கை நடுங்கும். நான்தான் அட்டைய சரியா காட்டியிருக்க மாட்டேன்."

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் கொட்டினாள். பட்டியலைக் கேட்டாள்.

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உன் கட்டுரைய வந்த அன்னிக்கே கேட்டுட்டேன். 'விதியை மீறிய ஒரு பங்கேற்பாளர் நீக்கப்பட்டார்'. ரெண்டு தடவ கேட்டேன், ஒருவேளை வேற யாரோன்னு."

"அண்ணா..."

"நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அஞ்சு மாசம் இருந்தேன்." எழுந்துபோய்ப் பட்டியலை அவளுக்கு அனுப்பிவிட்டு வந்தார். "இத இப்ப அனுப்பி அந்தம்மா எலும்பு கூடிடுமா? இருந்தாலும் அனுப்பு."

பட்டியலோடு ஆய்விதழுக்கு நீண்ட கடிதம் எழுதினாள். பேராசிரியரிடமும் போய்ச் சொன்னாள். 'மருந்துகளுக்கு இதை மட்டும் நம்பவேண்டாம்' என்று செயலியின் பயன்பாட்டு விதிமுறைகளில் பதினோராம் பக்கத்தில் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். ஏழு வாரம் கழித்து இதழில் மூன்று வரித் திருத்தம் வந்தது. ஒருவருடைய பதிவு விதிப்படி நீக்கப்பட்டது, முடிவுகளில் மாற்றமில்லை என்றது அது. வருடக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிரந்தர வேலை, கடிதத்தைப் பற்றி வாய் திறக்காத இன்னொருவருக்குப் போயிற்று.

அண்ணனுக்கு ஃபோன் செய்தால் இப்போதெல்லாம் அண்ணிதான் எடுக்கிறாள். "வேலையா இருக்காரும்மா. சொல்றேன்" என்பாள். அண்ணிக்கும் சங்கடம்.

டீச்சரம்மா ஊன்றுகோலோடு வீடு திரும்பிவிட்டார். அவள் வாரம் ஒருமுறை போய் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று தனித்தனி டப்பாவில் பிரித்து வைத்துவிட்டு வருகிறாள். போன வாரமும் ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேசையைத் துழாவிக் கைபேசியை எடுத்தார்.

"கோச்சுக்காதம்மா. நீ சொன்னது சரிதானான்னு ஒரு தடவ இதுகிட்ட கேட்டுக்கறேன். மனுஷங்க அவசரத்துல மாத்தி வச்சுடுவாங்க பாரு."

அவள் டப்பாக்களைக் கைபேசியின் முன்னால் நகர்த்தி வைத்தாள். அன்றைக்கு அது எல்லா மாத்திரைகளையும் சரியாகத்தான் சொன்னது.