பத்துக் கோடு

மற்றப் பெண்கள் விடிய எழும்பித் தேநீருக்கு உலை வைப்பார்கள். நான் ஊசிக்கு வைப்பேன். கண்ணாடிச் சிறிஞ்சைத் துணியில் சுற்றிச் சட்டித் தண்ணீருக்குள் விட்டு, கொதி வந்த பிறகு பத்து நிமிடம் பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி வெடிக்கும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். பிறகு சோதனை. நீல மருந்துக்குள் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, குழாயைக் கொதிதண்ணீரில் வைத்தால் நிறம் சொல்லும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் கூடாது. செங்கல் நிறம் வந்தால் உடம்பில் சீனி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் றோஸ்மேரிக்கு, அதாவது எனக்கு, ஒரு வாய் தேநீர். அதுவும் ஆறிப்போயிருக்கும்.

என் கணவர் ஞானப்பிரகாசத்துக்குச் சலரோகம், அதுதான் இந்தச் சீனி வருத்தம், என்று தெரிந்தபோது வயது நாற்பத்திரண்டு. முல்லைத்தீவுக் கரையில் அவரைப்போல் வலை இழுக்க ஆளில்லை என்று இருந்த மனிதர், ஆறு மாதத்தில் பாதியாகிப் போனார். ஆசுபத்திரி அப்போதிக்கரி தில்லைநாதன்தான் மருந்து தந்து, எனக்கு இன்சுலின் ஊசி போடப் பழக்கினார். "சிறிஞ்சில பத்துக் கோடு பிள்ளை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பாடு குடுத்திடவேணும். ஒரே இடத்தில குத்தாமல் மாத்தி மாத்திக் குத்துங்கோ. மருந்தைக் குளிர்ச்சியான இடத்தில வையுங்கோ. ஆள் வேர்த்து நடுங்கிக் கதை தடுமாறினால் மருந்து கூடிப்போச்செண்டு அர்த்தம். உடனே சீனி குடுக்கவேணும். விளங்குதே?" ஓம் ஐயா, ஓம் ஐயா என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விளங்கியதோ இல்லையோ, செய்யப்போவது நான்தானே.

குளிர்ச்சியான இடத்துக்கு நான் எங்கே போவது? குசினி மூலையில் ஒரு மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் போத்தலைப் புதைத்து வைத்தேன். இரண்டு வருடம் அந்தப் பானை குறை சொல்ல விடவில்லை. சோதனை நீலமாக நிற்கும். எப்போதாவது கலியாண வீட்டுக்குப் போய்வந்தால் பச்சை காட்டும். அவரும் திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கினார்.

மூன்றாம் வருடம் கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் மணலில் இல்லை. மருந்து அவிந்துபோய்விடும் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கோதாரி பிடித்த மூளை.

அவருடைய வள்ள முதலாளி இராயப்புச் சம்மாட்டிக்குக் கரையில் இருந்த மீன் வாடிக் கொட்டிலில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு, பரந்தன் எல்லாம் கடந்து இரண்டு நாளுக்கொரு முறை ஐஸ் லொறி வரும். போத்தலை ஒரு தகரப் பேணிக்குள் வைத்து மூடிக்கொண்டு போய்ச் சம்மாட்டியிடம் கேட்டேன்.

"இதுக்கேன் பிள்ளை கெஞ்சுறாய்? இவ்வளவு மீனுக்கு இடமிருக்கு, உன்ர மருந்துக்கு இடமில்லாமப் போகுமே?" என்றார் இராயப்பு. நல்ல மனிதர். ஒவ்வொரு காலையும் நான் போகும்போது தானே பேணியைத் திறந்து போத்தலை எடுத்துத் தருவார். ஊசி போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போக அரை மைல், வர அரை மைல், இரண்டு தரம். கால் கடுத்தாலும் மனதுக்குள் பெருமைதான். அப்போதிக்கரி வீட்டில்கூட இப்படிக் குளிர்ச்சி இராது என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு கிழமை போகவில்லை, குழாய் பச்சை காட்டியது. பிறகு மஞ்சள். பிறகு செங்கல்.

"இஞ்சாருங்கோ, என்ன திண்டனீங்கள்?"

"நீ தந்ததைத்தான்."

"அப்ப இது என்ன, சும்மாவே சிவக்குது?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வலைக்குப் போய்விட்டார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ராவில் நாலு தரம், ஐந்து தரம் வெளியே போனார். முகத்தில் எலும்பு தெரிந்தது. வாடியில் தேநீரோடு பனங்கட்டி கடிப்பது எல்லாருக்கும் வழக்கம். முன்பு இவரும் அதில் பெரிய ஆள். இனிப்பில் கைவைத்துவிட்டார் என்றே நான் முடிவு கட்டினேன்.

சீனியையும் பனங்கட்டியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அதோடு விட்டேனா? வாடிக்குப் போய், அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால், "ஆரும் உவருக்கு இனிப்பு ஒண்டும் குடுத்துப்போடாதேங்கோ, களவாத் தின்னுறார்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். "என்ன ஞானம், சின்னப்பிள்ளையைப்போல!" என்று ஒருவன் பகிடி விட்டான். அவர் வலையைக் கட்டியபடியே இருந்தார், தலை நிமிரவில்லை. குற்றம் செய்தவர் எப்படி நிமிருவார் என்று நான் நினைத்தேன்.

அப்போதிக்கரியும் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்து, "களவாச் சாப்பிட்டால் நான் என்ன செய்யிறது, தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பதினாலு கோடாக்கினார். அதற்கும் குழாயின் நிறம் அசையவில்லை. அடுத்த தரம் இருபது. நான் சோற்றையும் பாதியாகக் குறைத்தேன். ஒரு நாள் தாங்காமல் அவரை மடு மாதா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "சத்தியம் பண்ணுங்கோ. தின்னேல்லை எண்டு மாதாவுக்கு முன்னால சொல்லுங்கோ." அவர் கையை நீட்டிச் சத்தியம் செய்தார். அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் காலை குழாய் பழைய செங்கல் நிறத்திலேயே வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இனிப்புத் தின்றதைக்கூட மன்னித்துவிடலாம். "மாதாவுக்கு முன்னாலயும் பொய் சொல்லத் துணிஞ்சிட்டியள், என்ன?" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் கட்டில் காலில் வலைக் கயிறு ஒன்று முடிந்து கிடப்பதைக் கண்டேன். "கட்டிலிலயும் வலை கட்டத் தொடங்கிட்டியளோ?" என்று அதற்கும் ஏசினேன். அவர் கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "கயிறு உரசினது" என்றார். காலைக் கவனமாகப் பார்க்கச் சொல்லி அப்போதிக்கரி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நான் பார்த்தேன், எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு என் வேலைக்குப் போய்விட்டேன். அவ்வளவு களைத்துப் போயிருந்தேன்.

ஆவணி முடிவில் மருந்து தீர்ந்து, ஆசுபத்திரியில் புதுப் போத்தல் எடுத்து வந்தேன். அந்தக் கிழமை ஐஸ் லொறி பரந்தனுக்கு அங்கால் அச்சு முறிந்து நின்றுவிட்டது. இராயப்புவின் பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பழைய மணல் பானையைக் கழுவி, அதற்குள் போத்தலை வைத்தேன்.

முதல் நாள் இருபது கோடு போட்டேன். மறுநாள் காலை குழாய் மஞ்சள். அதற்கு மறுநாள் பச்சை. நாலாம் நாள் நீலம். கடல்போல நல்ல நீலம். எத்தனை நாளைக்குப் பிறகு!

"இப்ப வழிக்கு வந்திட்டியள் என்ன?" என்றேன்.

"நான் ஒண்டும் மாத்தேல்லையப்பா."

"நடியாதேங்கோ. மாதாதான் உங்களைத் திருத்தினவா."

அன்றும் இருபது கோடு போட்டு, ஒரு சிறங்கை புட்டு மட்டும் கொடுத்தேன். நீலம் வந்துவிட்டதே என்று மருந்தைக் குறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை, சாப்பாட்டைக் கூட்டவும் தோன்றவில்லை. அப்போதிக்கரி சொன்னது இருபது, இருபதுதான்.

பதினொரு மணி இருக்கும். முற்றத்துப் பனையடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழும்பித் தள்ளாடி வந்தார். கண் எங்கேயோ பார்த்தது. ஏதோ சொன்னார், சொல் கொழகொழத்தது.

"அட கடவுளே, இப்ப கள்ளும் குடிக்கத் தொடங்கியாச்சோ!" என்று பாய்ந்து போய் வாயை மணந்தேன். கள்ளு மணம் இல்லை. கையைப் பிடித்தேன். வேர்வையில் வழுக்கியது. விரல்கள் தம் பாட்டில் நடுங்கின. வாசற்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வேர்த்து நடுங்கிக் கதை தடுமாறினால் சீனி. மூன்று வருடத்துக்கு முன் தலையாட்டிக் கேட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சீனி அலுமாரிக்குள். சாவி சேலைத் தலைப்பில். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்துச் சாவியை எடுத்துத் திறந்தேன். இரண்டு மாதமாக அவருக்குக் காட்டாமல் பூட்டி வைத்த சீனிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"வாயைத் திறவுங்கோ. இது சீனி. திறவுங்கோ ராசா."

அவர் பல்லை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். "வேண்டாம்... நான் தின்னேல்லை... நான் தின்னேல்லை..." என்றார்.

"ஐயோ, நான் சொல்லுறன், தின்னுங்கோ! என்ர மாதாவே, இவரைத் தின்னச் சொல்லன்!"

விரலால் சீனியை அள்ளிக் கன்னத்துக்குள் அப்பினேன். பாதி நிலத்தில் கொட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு அசைந்தது, விழுங்கினார். பிறகு சீனித் தண்ணீரை மிடறு மிடறாகப் பருக்கினேன். கால்மணி நேரத்தில் கண் தெளிந்து என்னைப் பார்த்தார். நான் வாசலில் இருந்து குழறி அழுதேன். ஒரு கோப்பை சோறு தின்னக் கொடுத்து, அயலில் இருந்த இராசமலரைப் பக்கத்தில் இருத்திவிட்டு ஆசுபத்திரிக்கு பஸ் ஏறினேன்.

அப்போதிக்கரியோடு சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "புதுப் போத்தலை எங்க வைச்சனீங்கள்?"

"மணல் பானைக்குள்ள."

"பழையதை?"

"ஐஸ் பெட்டியில, ஐயா. இராயப்புச் சம்மாட்டியின்ர மீன் பெட்டியில." அதைச் சொல்லும்போது அப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உறைஞ்சதோ?"

"தெரியாது ஐயா."

"குளிர்ச்சி வேணுமெண்டுதான் சொன்னனான் பிள்ளை, உறைய வைக்கச் சொல்லேல்லை. ஒருக்கா உறைஞ்சால் அந்த மருந்தை நம்பேலாது. தண்ணியைப் போட்ட மாதிரித்தான். அது வேலை செய்யாததாலதான் நான் கோட்டைக் கூட்டிக்கொண்டு போனனான். இப்ப நல்ல மருந்தில இருபது கோடு போட்டால் ஆள் விழாமல் என்ன செய்யும்?" கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். "எங்க வைக்கிறீங்களெண்டு நானும் கேட்டிருக்கவேணும். கேளாமல் அந்த மனிசனைக் கள்ளனாக்கிப்போட்டன். நாளையில இருந்து திரும்பப் பத்துக் கோடு. அந்தப் பானையே போதும், மணலை ஈரமா மட்டும் வைச்சிருங்கோ."

பஸ்ஸால் இறங்கி நேரே வாடிக்குப் போனேன். உறைந்ததா என்று இராயப்புவிடம் கேட்டேன்.

"பின்ன உறையாதே? லொறி வருமட்டும் தாங்கவேணுமெல்லோ, ஐசுக்கு மேல உப்பை அள்ளிப் போட்டு விடுறனாங்கள். உப்புப் பட்டால் ஐஸ் இன்னும் விறைக்கும். உன்ர போத்தல் விடியக் கட்டியாத்தான் கிடக்கும் பிள்ளை. நீ வரமுதல் நான்தான் உள்ளங்கையில வைச்சு உருட்டி இளக்கித் தந்தனான்." அன்பாகச் சிரித்தார்.

அந்த அரை மைல் எனக்கு முடியவில்லை. வழியில் இரண்டு இடத்தில் குந்தி எழும்பித்தான் வீட்டுக்கு வந்தேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், உப்பு, இராயப்பு உருட்டித் தந்தது, இருபது கோடு, எல்லாம் என் வேலை என்று. ஏசட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று குனிந்திருந்தேன்.

அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். அப்படியே கிடந்து கேட்டார்.

"அப்ப நான் நித்திரையில எழும்பித் தின்னேல்லையே?"

"என்னது?"

"நீ அவ்வளவு உறுதியாச் சொன்னனி. அப்போதிக்கரியும் சொன்னார். குழாயும் சிவப்பாத்தான் வந்தது. அவ்வளவு பேரும் பிழையாச் சொல்லுவினமே? எனக்குத் தெரியாமல் நித்திரையில எழும்பிப்போய் எங்கையோ தின்னுறன் போல எண்டு நினைச்சன். அதுதான் காலைக் கட்டிலோட கட்டிக்கொண்டு படுத்தனான். விடியப் பாத்தால் முடிச்சு அப்பிடியே கிடக்கும். எண்டாலும் எனக்கு என்னை நம்பேலாமக் கிடந்தது."

நான் அவர் காலை இழுத்துப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த புண், வளையம்போல. ஒரு பக்கம் சீழ் கட்டியிருந்தது. அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். "இல்லையப்பா, நீங்கள் எழும்பவேயில்லை. ஒருநாளும் எழும்பேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சரி, சரி என்று என் தலையைத் தடவினார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சலரோகக்காரரின் கால்புண் லேசில் ஆறாது. மார்கழி வரை இழுத்தது. இப்போது அலுமாரிக்குப் பூட்டில்லை. சீனிப் போத்தல் அவர் கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது, அவர் அதைத் தொடுவதில்லை. நான் வழக்கம்போல விடிய எழும்பி, சிறிஞ்சைக் கொதிக்க வைத்து, குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன். பெரும்பாலும் நீலம்தான். ஆனால் கட்டிலில் இருந்தபடி, "என்ன நிறம்?" என்று கேட்கும்போது அவர் குரல் இன்னும் பயந்துதான் வருகிறது.