மீனம்மாவின் சீக்கு

சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தபோது ஜெயந்தினி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பின்பக்கமா எங்கம்மாவ தூக்க விடமாட்டேன்."

உள்ளே ஒப்பாரி சட்டென்று நின்றது. தோட்டத் தலைவர் செல்லசாமி எரிச்சலை அடக்கிக்கொண்டார்.

"கண்ணு, வழக்கம் ஒனக்குத் தெரியாதா? பேய் புடிச்சு செத்தவங்கள கோயில் ரோட்டுல தூக்கக் கூடாது. கக்கூஸ் பக்கமா எறங்கிப் போயிருவோம்."

"எங்கம்மாவுக்குப் பேய் புடிக்கல தலைவரே. சீக்கு."

என்ன சீக்கு என்று ஒருவராவது கேட்கவேண்டுமே! போன மாசம் பிள்ளை செத்துப் பிறந்ததும் மீனம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். பேச்சில்லை, சோறு இறங்கவில்லை. பேயோட்டும் கோடாங்கி வந்து வேப்பிலையால் அடித்தான், கயிறு கட்டினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று மகள் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெயந்தினி பொகவந்தலாவைப் பள்ளியில் ஏஎல் என்கிற உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அங்கே உளவியல் என்று ஒரு பாடமே கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து அளவையியல் என்னும் தர்க்கப் பாடம் படிப்பிக்க வந்த கமலேஸ்வரி டீச்சர்தான், பரீட்சைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று, சனிக்கிழமைகளில் விடாப்பிடியாக அதை நடத்தினார். லயத்தில் அதற்குப் பெயர் கிறுக்குப் படிப்பு. அந்தப் படிப்பு வீட்டுக்குள் வந்ததால்தான் மீனம்மாவைப் பேய் பிடித்தது என்று குழாயடியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அவர்கள் வாயை யார் மூடுவது?

அப்பா பழனியாண்டியும் அதை நம்பினான். "போதும்மா. ஒன் படிப்பாலதான் இம்புட்டும். வழிய விடு."

ஜெயந்தினி வாசலை விட்டு நகரவில்லை.

"புள்ளைய பறிகுடுத்தவளுக்கு மனசு ஒடிஞ்சு போச்சுப்பா. அதுக்குப் பேரு இருக்கு, மருந்தும் இருக்கு. காய்ச்சல்ல செத்த அழகுமுத்து மாமாவ கோயில் ரோட்டுலதான தூக்குனீங்க? அம்மாவும் சீக்குல செத்தவதான். இவள கக்கூஸ் பக்கமா தூக்குனா, நாளைக்கு இப்புடிப் படுக்குற எவளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டீங்க. கோடாங்கியத்தான் கூப்புடுவீங்க."

"பொட்டப் புள்ளைக்கு வாயப் பாரு," என்றது ஒரு குரல்.

ஜெயந்தினி குனிந்து பெட்டியின் முன்கைப்பிடியைப் பிடித்தாள். அந்தத் தோட்டத்தில் பெண்கள் பெட்டி தூக்கியதே கிடையாது. அவள் பிடித்த மூலை மட்டும் எழும்பி, பெட்டி சாய்ந்தது. தப்படிக்கிற மூக்கன் தப்பை முதுகுக்குத் தள்ளிவிட்டு மறுபக்கம் பிடித்தான். பின்னாலும் இரண்டு பேர் வந்தார்கள். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார். பெட்டி முன்பக்கமாகவே இறங்கியது.

கோயில் முச்சந்தி வந்தது. நல்ல சாவு செத்தவர்களை அங்கே சற்று இறக்கி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது கிடையாது. இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்று தூக்கியவர்கள் நிற்காமல் எட்டி நடை போட்டார்கள்.

"எறக்குங்க," என்றான் பின்னால் வந்த பழனியாண்டி.

மூக்கன், கூட்டத்தோடு வந்த தலைவரைத் திரும்பிப் பார்த்தான்.

"அவர என்னத்தப் பாக்குற? எம் பொண்டாட்டிய எறக்கி வையி."

இறக்கினார்கள். பழனியாண்டி பக்கத்தில் குந்தினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூடியில் விழுந்த தூறலைத் துடைத்தான். மறுபடி தூறியது. மறுபடி துடைத்தான்.